மஞ்சள் மிதவையின் முதல் ஆடி

ஒரு கடற்கரையில் ஒரு ஐஸ் பேக்டரி இருந்தது. அதற்குள் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. பேக்டரிக்காக இன்ஜினா, இன்ஜினுக்காகப் பேக்டரியா என்று கேட்டால், இன்ஜின் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்லும். அவ்வளவு பெருமை அதற்கு.

பெருமைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அந்த ஊர் மின்சார லைனின் கடைக்கோடியில் இருந்தது. மற்ற ஊர்களெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்தான் அங்கே வந்து சேரும். ஆடிக் காற்று அடித்தால் அதுவும் வராது. கம்பி அறுந்து தென்னையில் தொங்கும். அப்போது இன்ஜின்தான் கை கொடுக்கும். புகையைக் கக்கிக்கொண்டு, ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி இரைந்துகொண்டு ஐஸ் தொட்டியைக் குளிர வைக்கும்.

"நான் இல்லாவிட்டால் இந்த ஊர் மீன் நாறிப்போகும்" என்று அது நாளுக்கு நாலு தடவை சொல்லும்.

உண்மைதான். உண்மையை இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமா என்பது தொட்டியில் கிடந்த ஐஸ்கட்டிகளின் கேள்வி. ஆனால் அவை வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உருகிவிடுவோம் என்று பயம்.

பேக்டரியை நடத்தியவர்கள் மீன் விற்கும் பெண்கள். அவர்கள் சங்கத்துக்குத் தலைவி ஜெனோவா. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டு ஊர்ச் சந்தைகளுக்கு நடப்பாள். பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. தலையுயரத்தில் இருக்கும் அந்தக் கல்லில், குனியாமல், யாரையும் கூப்பிடாமல் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். கூடையில் மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் இருக்கும். அந்த ஐஸ் இருக்கிற வரைக்கும் அவள் யாருக்கும் பணிந்து போக வேண்டியதில்லை.

ஐஸ் இல்லாத காலத்தை அவள் மறக்கவில்லை. அப்போது கரையில் வந்து நிற்கும் லாரிக்காரன் வைத்ததுதான் சட்டம். அவன் லாரியில் ஐஸ் இருக்கும், இவர்களிடம் இருக்காது. அவன் வேண்டாம் என்று சொன்ன மீன் மத்தியானத்துக்குள் மண்ணுக்குப் போய்விடும். அந்த நிலைமையிலிருந்து தப்பிக்கத்தான் பெண்கள் சேர்ந்து பேக்டரியை எழுப்பினார்கள்.

இப்போது இன்ஜினுக்கு வயதாகிவிட்டது. மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "யக்கா, இந்த ஆடியைத் தாண்டாது" என்று கைவிரித்துவிட்டான். லாரிக்காரனுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. "சாவியை எங்கிட்டக் குடுத்துருங்க, நான் நடத்துதேன். உங்களுக்கு என்னத்துக்கு இந்தத் தலவலி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனான். சாவி ஜெனோவாவின் இடுப்பில் இருந்தது. அன்றிலிருந்து அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தமயந்தி என்ற பொறியாளர் ஒரு மிதவையோடு வந்து இறங்கினாள். வண்டிச் சக்கரத்தைவிடப் பல மடங்கு பெரிய, மஞ்சள் பெயின்ட் அடித்த மிதவை. கரையில் கூடிய பெண்களிடம் அவள் விளக்கிச் சொன்னாள்.

"அலை தூக்கினா இது ஏறும், அலை எறங்கினா இதுவும் எறங்கும். நடுவுல இருக்கிற இந்தத் தண்டு மட்டும் அசையாது. கடலுக்கு அடியில ஒரு கான்கிரீட் பாளத்தோட சங்கிலி போட்டு அதைப் பிடிச்சு வெச்சிருப்போம். அந்த ஏறி எறங்குறதுலதான் இது வயித்துல இருக்கிற டைனமோ சுத்தும். கரண்ட் கேபிள் வழியா உங்க பேக்டரிக்கு வந்துரும்."

"டீசல் எவ்வளவு குடிக்கும்?" என்று ஜெனோவா கேட்டாள்.

"ஒரு சொட்டு வேண்டாம்க்கா."

"பொகை?"

"கிடையாது."

"சத்தம்?"

"கடல் சத்தம்தான்."

"அப்ப எங்க இன்ஜினைவிட நல்ல பிள்ளைதான்" என்றாள் ஜெனோவா. பேக்டரிக்குள் இன்ஜின் ஒருமுறை இருமியது.

அந்த ஊரில் மீன் பிடிக்கப் புது வள்ளம் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. பூ போடுவார்கள், சர்ச்சிலிருந்து சாமியார் வந்து மந்திரிப்பார், எல்லோருக்கும் சர்க்கரை கொடுப்பார்கள். முதல் பாடு, அதாவது முதல் தடவை பிடித்த மீனோடு திரும்பி வருகிற வரைக்கும் அதற்குப் பெயர் எழுத மாட்டார்கள். அதுவரை 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். முக்கியமான இன்னொன்றும் உண்டு. புதுசு தன் முதல் ஆடியில் தூண்டில் வளைவை விட்டு வெளியே போகாது. கடலுக்குள் தூண்டில் முள்ளைப் போல வளைத்துப் போட்ட கற்சுவருக்குத்தான் அங்கே தூண்டில் வளைவு என்று பெயர். பழகிய வள்ளங்கள் ஆடியிலும் போகும். புதுசு உள்ளே தூங்கும்.

மிதவைக்கும் பூ போட்டார்கள், மந்திரித்தார்கள், சர்க்கரை கொடுத்தார்கள். தமயந்திக்கு ஒரே சந்தோஷம். கான்கிரீட் பாளத்தை வளைவுக்கு வெளியே, அலை எழும்பும் இடத்தில் ஏற்கெனவே இறக்கியிருந்தார்கள். அதன் சங்கிலி நுனியும், பேக்டரியிலிருந்து மணலுக்கு அடியில் கொண்டுவந்த கேபிளின் நுனியும் ஒரு பிளாஸ்டிக் கேனில் கட்டி மிதந்துகொண்டிருந்தன. கேபிளை மிதவையோடு இணைக்கும் பாகம் மட்டும் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவர அவள் நகரத்துக்குக் கிளம்பினாள்.

"அண்ணே, நான் வர்றதுக்குள்ள இதை இழுத்துட்டுப் போய் அந்தச் சங்கிலில மாட்டிருங்க" என்று வள்ளக்காரர்களின் தலைவரான ததேயுவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ததேயு தலையாட்டினார். மறுநாள் காற்று திரும்பியது. ஆடிக் கடல் கறுத்து எழும்பியது. ததேயு கடலைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார். அதன் பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு மனசு வரவில்லை. "புதுசு. ஆடி முடியட்டும்டே" என்று ஆட்களிடம் சொல்லி, மிதவையை வளைவுக்குள் இழுத்துவந்து, தன் சொந்த வள்ளத்தின் பக்கத்தில் நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினார்.

மிதவைக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. வள்ளங்கள் அதற்கு மரியாதை கொடுத்தன.

"பயப்படாதே. என்னைத் தாண்டி ஒரு அலையும் வராது. அதற்காகத்தான் என்னை இங்கே போட்டிருக்கிறார்கள்" என்றது வளைவு.

சொல்லி முடிக்கவில்லை, மறுபக்கத்தில் ஒரு பெரிய அலை வந்து கல்லில் மோதிச் சிதறியது. நுரை வளைவைத் தாண்டி மிதவையின் மேல் தெறித்தது.

"ஏன் இப்படி அடிக்கிறாய்?" என்று மிதவை கேட்டது.

"யார் அங்கே, புதுக் குரல்?" என்றது அலை. "நான் அடிக்கவில்லை அம்மா. இறக்கி வைக்க இடம் தேடுகிறேன்."

"எதை?"

"சுமையை. எங்கோ நடுக்கடலில் காற்று என் முதுகில் ஏற்றிவிட்டது. எங்கேயும் நிற்காமல் தூக்கிக்கொண்டு வருகிறேன். கரைக்கு வந்தால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. கல்லைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கல் எதையும் வாங்காது. வேறு வழி தெரியாமல் கீழே போட்டு உடைக்கிறேன். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது."

"நம்பாதே. போன ஆடியில் கரையோர வீடுகளின் சுவரைத் தின்றது யார் என்று கேள்" என்றது வளைவு.

"நாங்கள்தான்" என்றது அலை. "சுமையோடு ஓடி வருகிறவனுக்குத் தான் எங்கே விழுவோம் என்று தெரியுமா? சந்தோஷமாகவா விழுந்தோம்?"

மிதவைக்கு என்னவோ செய்தது. அதன் வயிற்றுக்குள் டைனமோ கனத்துக் கிடந்தது. லாரியில் வரும்போது ஆடிவிடக் கூடாது என்று ஒரு பூட்டாணி போட்டு வைத்திருந்தார்கள்.

"உன் வயிற்றில் என்ன இருக்கிறது?" என்று அலை கேட்டது.

"டைனமோ."

"எதற்கு?"

மிதவை தயங்கியது. கரையில் தமயந்தி சொன்னதையெல்லாம் அதுவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "நீ கொண்டு வருவதை வாங்கிக்கொள்ளத்தான்" என்றது. "ஆனால் எனக்கு உன்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது."

"கரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அலை பின்வாங்கிப் போனது. அடுத்தது வந்து மோதியது.

மூன்றாம் நாள் சாளை மீன் வந்தது. ஆடியில் கடல் கலங்கினால் சாளை கரையை ஒட்டி வரும். பழகிய வள்ளங்கள் அலை ஓயும் இடைவெளி பார்த்துப் போய், வெள்ளி வெள்ளியாக அள்ளிக்கொண்டு வந்தன. அந்த நேரம் பார்த்து மின்கம்பி அறுந்தது. எல்லோரும் பேக்டரிக்கு ஓடினார்கள்.

இன்ஜின் நிமிர்ந்து உட்கார்ந்தது. "பார்த்தீர்களா? கடைசியில் என்னிடம்தானே வந்தீர்கள்" என்று சொல்லிப் புகையைக் கக்கியது. இரைந்தது, உதறியது. உள்ளே ஏதோ முறிந்தது.

"ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்" என்றது. அந்த நிமிஷம் முடியவே இல்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

அன்றைய சாளையில் பாதியை வெயிலில் கொட்டினார்கள். மீதியைப் பார்த்து லாரிக்காரன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு ஜெனோவாவின் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"நாளக்கழிச்சு வா. அப்பவும் ஐஸ் இல்லேன்னா சாவி ஒனக்கு" என்றாள் ஜெனோவா. குரல் உறுதியாகத்தான் இருந்தது. கை இடுப்புச் சாவியை விடவில்லை.

தமயந்தி அன்று மத்தியானமே வந்துவிட்டாள். கையில் இணைப்புப் பாகத்தோடு நேராகக் கரைக்கு வந்தவள், வளைவுக்குள் வாத்துப் போல மிதந்துகொண்டிருந்த மிதவையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இதை எங்க கட்டி வெச்சிருக்கீங்க?"

"பத்திரமா இருக்கு மேடம். ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்" என்றார் ததேயு.

"கீறல் விழாத எடத்துல கரண்டும் வராதுண்ணே. இதுக்கு அலை வேணும்."

"இது ஆடிக் கடல் மேடம். புதுசை ஆடியில வெளிய விட்ட ஊரு இல்ல இது. என் தம்பி ஒருத்தன் விட்டான். சொன்னாக் கேக்கல. பலகை மட்டுந்தான் கரைக்கு வந்துது."

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஜெனோவாதான் பக்கத்தில் வந்தாள்.

"ததேயு அண்ணே, புது வள்ளத்தை நாம என்னத்துக்கு உள்ள கட்டுதோம்?"

"என்ன கேள்வி பிள்ளே இது? அதுல ஆளு ஏறிப் போவுதுல்லா? திரும்பி வரணும்லா?"

"இந்தப் புதுசுல யாரு ஏறிப் போறா?"

"ஒருத்தரும் இல்ல."

"பின்ன யாரைத் திரும்பக் கொண்டு வரணும் இது? வள்ளத்துக்கு வீடு இங்க இருக்கு. அதனால உள்ள கட்டுதோம். இதுக்கு வீடு அங்கல்லா இருக்கு. நாம பாசம்னு நெனச்சு வழியில பிடிச்சுக் கட்டி வெச்சிருக்கோம் அண்ணே."

ததேயு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடித்துக் கட்டியிருந்த கைலியை இன்னும் இறுக்கிக் கட்டினார். "கயித்தை அவுருங்கடே. அலை விடுத நேரம் நான் சொல்லுதேன்" என்றார்.

ஆடிக் கடலும் நடுநடுவே கொஞ்சம் மூச்சு விடும். அதைப் பார்க்கத் தெரிந்த கண் ததேயுவுக்கு இருந்தது. கையைத் தூக்கினார். அவருடைய வள்ளம் மிதவையை இழுத்துக்கொண்டு வளைவின் வாயைத் தாண்டியது. மிதவை திரும்பித் திரும்பி வளைவைப் பார்த்தது.

கேனைப் பிடித்தார்கள், சங்கிலியை மாட்டினார்கள். தமயந்தி வள்ளத்தின் ஓரத்தில் படுத்துக்கொண்டு கேபிளை இணைத்தாள். கடைசியாகப் பூட்டாணியை உருவினாள். உருவிய கையோடு கடலில் வாந்தி எடுத்தாள். "பரவாயில்ல மேடம், நாங்களும் இப்பிடித்தான் தொடங்கினோம்" என்று ததேயு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வள்ளம் விலகியது.

மிதவை தனியாக நின்றது. முதல் அலை தூரத்தில் எழுந்தது.

"வராதே!" என்று மிதவை கத்தியது. உடம்பை விறைத்துக்கொண்டு தண்ணீரைப் பிடித்து நின்றது. அலை அதன் தலைக்கு மேலே ஏறி, மஞ்சள் பெயின்டை உரசிக்கொண்டு போனது. முதல் கீறல் விழுந்தது.

"நீ இப்படி விறைத்தால் நான் அறுந்துவிடுவேன். கீழே நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மேலே நீ விடு" என்று சங்கிலி முனகியது.

இரண்டாவது அலை வந்தது. அது மிதவைக்குத் தெரிந்த குரல்தான். "இன்னும் பயமா?" என்று கேட்டது.

"ஆமாம்."

"இருக்கட்டும். பயத்தோடேயே வாங்கிக்கொள்."

மிதவை உடம்பைத் தளர்த்தியது. அலை அதை அள்ளித் தூக்கியது. அது மேலே போனது. தண்டு கீழேயே நின்றது. வயிற்றுக்குள் இத்தனை நாளும் கல்லாகக் கிடந்தது சுழன்றது. உச்சிக்குப் போய் இறங்கியது, இறங்கும்போதும் சுழன்றது. எங்கோ நடுக்கடலில் காற்று ஏற்றிவிட்ட சுமையில் ஒரு பங்கு கேபிளுக்குள் இறங்கி, மணலுக்கு அடியில் ஓடி, ஊருக்குள் போனது. மிதவைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை அது வளைவுக்குள் ஒரு நாளும் அனுபவித்ததில்லை.

"இன்னொன்று!" என்று கத்தியது.

"பின்னால் வருகிறார்கள், எல்லோரும் வருகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே அலை கொஞ்சம் இலேசாகிக் கரைப்பக்கம் போனது.

பேக்டரியில் ஒரு பல்பு எரிந்தது. பிறகு தொட்டியைக் குளிர வைக்கும் கம்ப்ரஸர் மெல்ல முனக ஆரம்பித்தது. மூலையில் ஓட முடியாமல் கிடந்த இன்ஜின் கண்ணை மட்டும் திறந்தது.

"யார் அது, சத்தமில்லாமல் வேலை செய்கிறது?"

"அலை" என்றது கம்ப்ரஸர்.

"அதை எந்த பங்க்கில் வாங்குகிறீர்கள்?"

"பங்க்கில் கிடைக்காது."

"அப்படியானால் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்?"

கம்ப்ரஸர் விழுந்து விழுந்து சிரித்தது. அது சிரிப்பது அன்றைக்குத்தான் வெளியே கேட்டது. இத்தனை வருஷமும் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது.

சொன்ன நாளில் லாரிக்காரன் வந்தான். வரும்போதே கையை நீட்டிக்கொண்டு வந்தான். ஜெனோவா ஒரு தகரக் கேனைத் தொட்டியிலிருந்து தூக்கித் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்தாள். ஐஸ்கட்டி வழுக்கிக்கொண்டு வந்து அவன் காலடியில் நின்றது. மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினாள். உள்ளே வரைக்கும் இறுகிப்போன சத்தம் கேட்டது. அவன் நீட்டிய கையில் ஒரு துண்டு ஐஸை வைத்துவிட்டு, சாவியை இடுப்பில் நன்றாகச் செருகிக்கொண்டாள். கை சில்லிட, அவன் அதை உதறிக்கொண்டே லாரியில் ஏறினான்.

அன்றைக்குப் பெண்கள் கூடை கூடையாகச் சாளை கொண்டு போனார்கள். மேட்டு ஊர்ச் சந்தையில் ஒரு ஆள் மீனைப் புரட்டிப் பார்த்து, "இந்த ஆடியில எங்கம்மா ஐஸ் கெடச்சுது?" என்று கேட்டான்.

"மீனு வந்த எடத்துலேருந்தே ஐஸும் வந்துது" என்றாள் ஜெனோவா. அவன் விளங்காமல் பார்த்தான். அவளுக்கு விளக்க நேரமில்லை, வியாபாரம் அப்படி.

ததேயுவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "புதுசுக்கு இன்னும் பேரு எழுதல. பாடு கொண்டு திரும்பி வந்தாத்தான் எழுதணும். அது திரும்பியே வராதே, நான் என்ன செய்ய?" என்று கரையில் புலம்பினார்.

ஜெனோவா ஒரு ஐஸ்கட்டியைக் காட்டினாள். "பாடு வந்துட்டுல்லா அண்ணே?"

ததேயு யோசித்தார். அவருக்குச் சம்மதம்தான். "அப்ப ஒரு புனிதர் பேரா வெச்சிரலாம்" என்றார்.

"சுமைதாங்கின்னு வையுங்க. சந்தைக்குப் போற வழியில நாங்க கூடையை எறக்கி வைக்கிற கல்லு மாதிரி. பாக்கலியா நீங்க? ஒவ்வொரு அலையும் அதுகிட்ட வந்து சுமையை எறக்கி வெச்சிட்டுல்லா போவுது."

கறுப்பு பெயின்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு ததேயு வளைவுக்கு வெளியே போனார். அவர் பிரஷை வைத்தால் மிதவை மேலே போகும். கையை உயர்த்தினால் கீழே இறங்கும். ஒரு எழுத்து வானத்தைப் பார்த்து ஓடியது. இன்னொன்று தண்ணீருக்குள் சரிந்தது. கூட வந்தவர்கள் வள்ளத்துக்குள் உருண்டு சிரித்தார்கள்.

"ஒரு நிமிஷம் அசையாம நில்லேன்!" என்று ததேயு மிதவையைப் பார்த்துக் கத்தினார்.

"மன்னிக்க வேண்டும், ஊரில் ஐஸ் உறைந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே மிதவை மேலே போனது.

ஒருவழியாக எழுதி முடித்தார். வள்ளம் திரும்பியது. கோணலும் மாணலுமாக நின்ற அந்தப் பெயரை அடுத்து வந்த அலை நின்று நிதானமாகப் படித்தது.

"நன்றாகத்தான் இருக்கிறது. பாதி என் கையெழுத்து" என்று சொல்லிவிட்டு, சுமையை இறக்கி வைத்தது.